அடிக்கட்டைக்கும் கெட்டித் தரைக்கும் ஒற்றைப் பல்

சீமைக் கருவேலத்தை வெட்டி அப்புறப்படுத்திய கண்மாயை ஒரு மழை கழித்துப் போய்ப் பார்த்தால், வெட்டிய ஒவ்வொரு கட்டையிலிருந்தும் நாலைந்து கிளைகள் புதிதாக விட்டு நிற்கும். ஒரு தண்டு நின்ற இடத்தில் ஒரு புதர் இருக்கும். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் இதை அறியாத விவசாயி கிடையாது. மரத்தைச் சாய்க்கக் கோடாரி போதும், இல்லாவிட்டால் அறுவை எந்திரம். தரைக்கு அடியில் இருக்கும் கட்டையை எடுப்பதில்தான் காசும் காலமும் கரைகின்றன.

2017இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி வற்புறுத்தியபோது ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. 2022இல் அயல் களைத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழக அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. இரண்டு முறையும் ஊர்ப்பேச்சில் முன்னால் நின்றது ஏக்கர் கணக்குதான். கட்டையை எந்த ஆழத்தில், எந்தக் கருவியால், மேல்மண்ணைக் கெடுக்காமல் எப்படி எடுப்பது என்பது பெரும்பாலும் வண்டி ஓட்டுநரின் தலையில் விழுந்தது. அந்தக் கேள்விக்கு உலகில் பல இடங்களில் கிடைத்திருக்கும் விடைகளில் ஒன்று ரிப்பர். கட்டைக்கு மட்டுமில்லாமல் சுக்கான் பாறைக்கும், இறுகிப்போன நிலத்துக்கும் அதே கருவியைத்தான் மாட்டுகிறார்கள். எங்கே அது உதவும், எங்கே உதவாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. தவறான இடத்தில் போட்டால் வண்டியும் கெடும், நிலமும் கெடும்.

ரிப்பர் என்பது எக்ஸ்கவேட்டரின் பக்கெட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டும், வளைந்த ஒற்றைப் பல். தடித்த எஃகுத் தகட்டில் வெட்டிய கொக்கி வடிவத் தண்டு, அதன் நுனியில் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளும் பல், மேலே வண்டியோடு இணைக்கும் பின்களுக்கான இரண்டு துளைகள். அசையும் பாகம் எதுவும் கிடையாது. கட்டை எடுப்பதற்கென்றே செய்தவற்றில் உள்வளைவில் ரம்பம் போலப் பற்கள் வெட்டியிருப்பார்கள், இழுக்கும்போது வேர் வழுக்காமல் இருப்பதற்காக. இந்தத் தொழிலில் முன்னோடி புல்டோசர்தான். 1930களில் அமெரிக்காவில் ஆர். ஜி. லெட்டூர்னோ, டிராக்டருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கனமான பல்வண்டிகளைச் செய்து விற்றார். பின்னால் புல்டோசரின் முதுகிலேயே ஹைட்ராலிக் ரிப்பர் வந்தது. எக்ஸ்கவேட்டரின் கையில் அது ஏறியது அதற்கும் பிறகு.

பக்கெட்டிலும்தான் பல் இருக்கிறது, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 20 டன் வகை செயின் வண்டி ஒன்று பக்கெட்டைச் சுருட்டும்போது நுனியில் ஏறத்தாழ 14, 15 டன் விசை கிடைக்கிறது. ஆர்ம் எனப்படும் முன்கை தன் பக்கம் இழுக்கும் விசை 10, 11 டன். பக்கெட்டில் அந்த விசை நாலைந்து பற்களுக்கும் விளிம்புக்கும் பங்காகிப் போகிறது. ரிப்பரில் முழுவதும் ஒரே நுனியில் இறங்குகிறது. இது பாதிக் கதை. மீதிப் பாதி, அது தரையை எப்படி உடைக்கிறது என்பது. பாறையை நசுக்கி உடைக்கப் பெரும் விசை வேண்டும். இழுத்துப் பிய்க்க அதில் பத்தில் ஒரு பங்கு போதும். எல்லாப் பாறைக்கும் பொதுவான குணம் இது. ரிப்பரின் நுனி ஒரு வெடிப்பில் நுழைந்து, கெட்டியான அடுக்குக்குக் கீழே போய், அங்கிருந்து மேல்நோக்கி நெம்புகிறது. அடுக்கு வளைந்து இழுவிசையில் பிளந்துவிடுகிறது. கிணறு வெட்டுகிறவர் கடப்பாரையைப் பாறை இடுக்கில் செருகி நெம்புவது போன்றதுதான். ஆகவே தரை எவ்வளவு கெட்டி என்று கேட்பதைவிட, நுனி நுழைய அதில் இடுக்கு இருக்கிறதா என்று கேட்பதே சரி. மரக்கட்டைக்கும் இது பொருந்தும். மரத்தை நார் வாக்கில் பிளப்பது எளிது, நாருக்குக் குறுக்கே முறிப்பது கடினம்.

இனி கட்டைக்கு வருவோம். சீமைக் கருவேலத்தின் வேர் எவ்வளவு ஆழம் போகும் என்பது பற்றி ஊரில் பல கதைகள் உண்டு. கதையைவிட உண்மை பெரியது: அமெரிக்காவின் அரிசோனாவில், டூசான் நகருக்கு அருகே ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில், இதே பேரினத்தைச் சேர்ந்த மரத்தின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் கண்டு 1963இல் பதிவு செய்தார்கள். இதைக் கேட்டவுடன், அப்படியானால் அதை ஒழிக்கவே முடியாது என்று கைவிட்டுவிடத் தோன்றும். ஆனால் அந்த ஆழத்துக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. திரும்பத் தளிர்க்கும் மொட்டுகள் வேரில் இல்லை. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில், தரைக்குக் கொஞ்சம் கீழே இருக்கின்றன. டெக்சாஸ் மேய்ச்சல் நிலக்காரர்கள் மெஸ்கீட் என்று சொல்லும் இதே குடும்ப மரத்தோடு பல தலைமுறைகளாகப் போராடி வருகிறார்கள். அவர்களுடைய வேர்க்கலப்பை தரைக்குக் கீழே சுமார் 30 முதல் 40 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைமட்டமாக ஓடி, மொட்டுப் பகுதிக்குக் கீழே வேரை அறுக்கிறது. கழுத்து வெளியே வந்துவிட்டால், அடியில் மிச்சம் இருக்கும் ஆணிவேர் மக்கி மண்ணாகும். வண்டல் படியும் கண்மாயில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். மரம் முளைத்த பிறகு படிந்த வண்டலுக்குக் கீழே கழுத்து புதைந்து கிடக்கும், அந்த அளவுக்குக் கூடுதலாகத் தோண்ட வேண்டும்.

கழுத்தை எடுத்தால் போதும் என்ற இந்த ஒரு தகவல் வேலையின் கணக்கையே மாற்றுகிறது. பக்கெட்டால் கட்டை எடுக்கும் வண்டி, கழுத்தைப் பிடிக்க முடியாமல் சுற்றிலும் மண்ணை அள்ளுகிறது. ஒரு கட்டைக்கு ஒரு குழி, அதன் பக்கத்தில் ஒரு மண்மேடு. மேல்மண் அடியில் போய், அடியிலிருந்த சுண்ணாம்புச் சரளையும் உவர்மண்ணும் மேலே வருகின்றன. பிறகு சமப்படுத்த வேறு வண்டி, வேறு வாடகை. வயலாக மாற்ற நினைத்த நிலம் சில ஆண்டுகளுக்குச் சரியாக விளையாது. ரிப்பரின் மேன்மை எனக்குத் தெரிந்தவரை இதில்தான் இருக்கிறது: அது மண்ணை அள்ளுவதில்லை. வேரைப் பிடித்து வெளியே இழுக்கும்போது மண் அதன் இரண்டு பக்கமும் வழிந்து இருந்த இடத்திலேயே விழுகிறது.

முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் இந்த வேலையைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். ஓட்டுநர் முதலில் கட்டையைத் தொடவே இல்லை. அதிலிருந்து ஓர் ஆள் நீளம் தள்ளி நுனியைத் தரையில் இறக்கி, கட்டைக்குப் பக்கவாட்டில் ஓடும் கோட்டில் தன் பக்கம் இழுத்தார். தரைக்கு அடியில் படபடவென்று சத்தம், பக்கவேர்கள் அறுந்தன. வண்டியை நகர்த்தி அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். மூன்று பக்கம் அறுத்த பிறகு, நுனியைக் கட்டையின் தலையில், இரண்டு தண்டுகள் கவைபோல் பிரியும் இடத்தில் வைத்து, பூம் என்ற பெரிய கையை அழுத்தினார். கட்டை இரண்டாகப் பிளந்து வாய் திறந்தது. உள்ளே செம்பழுப்பான வைரம் தெரிந்தது, ஈரமாக. கடைசியாகத்தான் அடியில் கொக்கியை விட்டு ஒவ்வொரு பாதியாகத் தூக்கினார். தூக்கியவுடன் கீழே போட்டுவிடவில்லை. தரைக்கு ஒரு முழம் மேலே பிடித்து, பக்கெட் லீவரை முன்னும் பின்னும் சின்னச் சின்னதாக அசைத்தார், மண் பொலபொலவென்று உதிர்ந்தது. "வேர் எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்காம இழுக்கக் கூடாதுண்ணே, பின்னு போயிரும்" என்றார் வண்டியை நிறுத்திவிட்டு. எடுத்த இடத்தில் குழி என்று சொல்ல முடியாது. கிளறிவிட்ட மண் இருந்தது, அவ்வளவுதான். ஓரமாக உட்கார்ந்திருந்த பெண்கள் மண் உதிர்ந்த வேர்க்கட்டைகளைத் தலைச்சுமையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மண் ஒட்டாத கட்டைக்குத்தான் விறகுக்காரரும் கரிமூட்டம் போடுகிறவரும் விலை கொடுப்பார்கள்.

அந்த வரிசைதான் வேலையின் உயிர்: பக்கவேரை முதலில் அறு, பிறகு பிள, பிறகு தூக்கு. இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள், அதாவது எடுத்த எடுப்பில் கட்டைக்கு அடியில் கொக்கியை மாட்டி முழு பலத்தோடு தூக்கப் பார்க்கிறவர்கள், வண்டியின் பின்புறச் செயின் தரையைவிட்டு எழும்பும் வரை இழுத்துவிட்டு, கட்டை அசையவில்லை என்கிறார்கள்.

மற்ற வழிகளையும் ஓர் ஓட்டமாகப் பார்த்துவிடலாம். கட்டையில் தீ வைத்தால் மேல்பகுதி கருகும், மண்ணுக்குள் இருக்கும் கழுத்து தப்பித்துக்கொள்ளும். டிரைக்ளோபைர் என்ற மருந்தை டீசலில் கலந்து அடித்தண்டில் பூசுவது ஆஸ்திரேலியாவிலும் டெக்சாஸிலும் வழக்கம். பயன் தரும், ஆனால் ஆடு மாடு தண்ணீர் குடிக்கும் கண்மாய்க்குள் அதைச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டையைச் சீவித் தூளாக்கும் எந்திரம் வீட்டுத் தோட்டத்துக்கும் சாலையோரத்துக்கும் நல்லது, கல் கலந்த நிலத்தில் அதன் பற்கள் தாங்காது. டிராக்டரில் சங்கிலி கட்டி இழுப்பது இருப்பதிலேயே ஆபத்தான வழி. சங்கிலி அறுந்தால் பின்னோக்கி வீசும். சங்கிலியை உயரத்தில் கட்டியிருந்தால் டிராக்டரின் முன்சக்கரம் தூக்கி, ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்து கவிழும். உலகெங்கும் விவசாயிகள் இப்படி உயிரிழந்திருக்கிறார்கள். இதை ஒரு வழியாகவே எண்ணக்கூடாது.

எல்லாக் கட்டையும் கருவேலம் இல்லை. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடித்தூரிலிருந்து கயிறு கயிறாக ஆயிரக்கணக்கில் வேர் கிளம்புகிறது, வெட்டினால் திரும்பத் தளிர்ப்பதும் இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த பிறகு தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் விழுந்து கிடந்தன. அங்கே கட்டையை எடுக்க வேண்டியதற்குக் காரணம் வேறு. மக்கும் தென்னந்தண்டிலும் தூரிலும்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும், பெருகினால் புதிதாக வைக்கும் பிள்ளைக் கன்றுகளின் குருத்தைத் தின்றுவிடும். மணற்பாங்கான நிலத்தில் இந்தத் தூரை எடுக்க பக்கெட்டே போதும். ரிப்பரை விட்டால் தென்னந்தூர் பிளக்காது, நார் நாராகக் கிழியும், வேலை நீளும். களிமண்ணில் மட்டும் சுற்றிலும் ஒருமுறை ரிப்பரால் கீறிவிட்டு பக்கெட்டால் தூக்குவது வசதி. தஞ்சாவூர் வாடல் நோய் வந்த மரமானால் தூரோடு, முடிந்தவரை வேரோடு எடுத்து எரிக்கச் சொல்கிறார்கள். நோய்க்குக் காரணமான கானோடெர்மா பூஞ்சை மண்ணிலும் பழைய வேரிலும் தங்கி அடுத்த மரத்துக்குப் போவதால்.

நோய்க்காகக் கட்டை எடுக்கும் வழக்கம் நம் ஊரோடு நிற்பதில்லை. இங்கிலாந்தின் தெட்ஃபர்ட் காட்டில் பைன் மரங்களின் வேரை அழுகவைக்கும் பூஞ்சைக்காக அடிக்கட்டைகளைப் பெயர்த்து எடுத்தார்கள். பின்லாந்தில் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஸ்ப்ரூஸ் கட்டைகளை எரிபொருளுக்காகவே பெருமளவில் தோண்டினார்கள். அங்கேயும் எக்ஸ்கவேட்டர்தான், அங்கேயும் பிளந்து, உதறி, குவித்து, மழையில் மண் கழுவப்படும்வரை விட்டு வைத்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து எழுந்த எச்சரிக்கைகள் நமக்கும் வேண்டியவை. சரிவான நிலத்தில் கட்டை எடுத்தால் அரிப்பு தொடங்கும். ஈர நிலத்தில் வண்டியின் தடமே சேதம். மண்ணைக் கிளறினால் அதிலுள்ள கரிமம் வேகமாக வெளியேறும். தேயிலைத் தோட்டங்களில் நிழல்மரத்தை வெட்டுவதற்கு முன்பே பட்டையை வளையமாக உரித்து, வேரில் சேர்ந்திருக்கும் மாவுப்பொருள் வற்றும்வரை காத்திருக்கும் பழைய முறை ஒன்று உண்டு. வேரழுகல் பூஞ்சைக்குத் தீனி கிடைக்காமல் செய்வது அதன் நோக்கம். எந்திரம் ஏற முடியாத மலைச்சரிவுக்கு அதுதான் பொருத்தம்.

பனை பற்றி ஒரு வார்த்தை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. ரிப்பர் கையில் இருக்கிறது என்பதற்காக வரப்புப் பனையில் கொக்கியை மாட்டுகிறவர்களைப் பார்க்கையில் மனம் கொதிக்கிறது. எடுக்கக்கூடாத மரமும் உண்டு.

கெட்டித் தரையில் கேள்வி இன்னும் நுட்பமானது. அரசு வேலைகளில் மண்வேலையை அளக்கும் ஐஎஸ் 1200 என்ற இந்தியத் தரநிலை, தளர்ந்த மண், கெட்டி மண், மென்பாறை, கடும்பாறை என்று வகை பிரிக்கிறது. மென்பாறை என்றால் வெடி வைக்காமல் கடப்பாரையால் பெயர்க்கவோ பிளக்கவோ கூடியது. விலை வகைக்கு ஏற்ப மாறுவதால் ஒப்பந்ததாரருக்கும் பொறியாளருக்கும் இடையே நடக்கும் பழம்பெரும் சண்டைகளில் இது ஒன்று. ரிப்பர் வேலை செய்யும் களம் ஏறத்தாழ இந்த மென்பாறைதான், அதற்கு மேலேயும் கீழேயும் கொஞ்சம்.

தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட தரைகள் நிறைய. வறண்ட மாவட்டங்களில் மேல்மண்ணுக்கு அடியில் பாளமாகக் கிடக்கும் சுக்கான் பாறை முதல் இடம். மழைநீரில் கரைந்து இறங்கிய சுண்ணாம்பு, நீர் ஆவியானதும் அங்கேயே படிந்து இறுகி உண்டானது அது. பாளம் கெட்டி, ஆனால் மெல்லியது. அடியில் இளகிய மண்ணோ சரளையோ இருக்கும். ரிப்பருக்கு இதைவிடத் தோதான தரை கிடையாது: ஒரு விளிம்பில் நுனியைக் கீழே விட்டு நெம்பினால் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். இதே பாளத்தில் ஜேசிபியின் பக்கெட் பல் கிறீச்சிட்டு வழுக்கி ஓடுவதைப் பார்த்திருப்போம். அடுத்தது செம்பாறை. அதிலும் மேல் ஓட்டை உடைத்துவிட்டால் உள்ளே சுலபம். மூன்றாவது, நைஸ் பாறை மக்கி உண்டான சிதைந்த பாறை. கிணறு வெட்டும்போது மேல்மண்ணைத் தாண்டி வருவது. பழைய பாறையின் அடுக்குகள் அதில் அப்படியே தெரியும், கையால் பொடிக்கக்கூடியதிலிருந்து சுத்தியல் கேட்பது வரை படிப்படியாகக் கெட்டியாகும். அடுக்கு சாய்ந்திருக்கும் திசையைப் பார்த்து, நுனி அடுக்குக்கு அடியில் நுழையும்படி வண்டியை நிறுத்துகிறவர் ஒரு நாளில் முடிப்பதை, எதிர்ப்பக்கம் நின்று இழுக்கிறவர் மூன்று நாளானாலும் முடிக்க மாட்டார்.

மறுபக்கம் பல்லாவரமும் பரங்கிமலையும். 1893 வாக்கில் டி. எச். ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்தப் பகுதிப் பாறைக்கு, கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இதே பாறை என்பதால், சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். சிதையாத சார்னோக்கைட்டில் இடுக்குகள் தூரதூரமாக இருக்கும். அங்கே ரிப்பர் நுனி கோடு மட்டும் போடும். பாறையை அடித்து உடைக்கும் பிரேக்கரை மாட்ட வேண்டும், அல்லது துளையிட்டுப் பிளக்க வேண்டும்.

இந்த எல்லையை முன்கூட்டியே அறிய முடியுமா என்று பொறியியலார் அரை நூற்றாண்டுக்கு மேலாக முயன்றிருக்கிறார்கள். முதல் வழி ஒலியலை. தரையில் சம்மட்டியால் அடித்து, அதிர்வு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று அளப்பார்கள். சாதாரண மண்ணில் விநாடிக்குச் சில நூறு மீட்டர், சிதைந்த பாறையில் ஆயிரம் முதல் இரண்டாயிரம், கருங்கல்லில் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல். சுமார் 50 டன் எடையுள்ள கேட்டர்பில்லர் டி9 புல்டோசர் விநாடிக்கு ஏறத்தாழ 2,000 மீட்டர் வரை உள்ள பாறையைக் கீறும் என்பது தொழிலில் பழகிப்போன கணக்கு. ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பி ஏமாந்தவர்கள் அதிகம். நிலத்தடி நீர் நிறைந்திருந்தால் வேகம் கூடித் தெரியும். மக்கிய மண்ணுக்குள் உருண்டைப் பாறைகள் மிதந்தால் சராசரி வேகம் பொய் சொல்லும். இரண்டாவது வழி எனக்கு நம்பகமாகத் தெரிவது. 1971இல் ஃபிராங்க்ளினும் அவருடைய கூட்டாளிகளும் தொடங்கி, 1994இல் பெட்டிஃபரும் ஃபுக்ஸும் செப்பம் செய்த வரைபடம் அது. அதில் இரண்டே அச்சு. ஒன்று பாறையின் வெடிப்புகளுக்கு இடையிலான தூரம். மற்றது, கைக்கடக்கமான பாறைத் துண்டை இரண்டு கூம்பு முனைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் எந்த விசையில் பிளக்கிறது என்பது. இரண்டையும் குறித்தால், தோண்டலாமா, கீறலாமா, வெடி வேண்டுமா என்று தெரிந்துவிடும். கெட்டிப் பாறையானாலும் வெடிப்பு நெருங்கியிருந்தால் கீறலாம், மென்பாறையானாலும் வெடிப்பே இல்லாவிட்டால் சிரமம் என்பதை அந்தப் படம் ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது.

புல்டோசர் ரிப்பரும் எக்ஸ்கவேட்டர் ரிப்பரும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைக்கக்கூடாது. புல்டோசர் தன் முழு எடையையும் நுனிமேல் ஏற்றி, ஒரே ஆழத்தில், நீண்ட நேர்கோட்டில் இழுக்கிறது. 100 டன்னைத் தாண்டும் டி11 அகலமான சுரங்க மேடையில் செய்யும் வேலையை எந்த எக்ஸ்கவேட்டரும் நெருங்க முடியாது. எக்ஸ்கவேட்டரின் இழுப்பு ஒரு வில். நுனியின் கோணம் ஒவ்வொரு அங்குலத்திலும் மாறுகிறது. ஆனால் வாய்க்கால், குழாய் போடும் பள்ளம், வீட்டு அஸ்திவாரம், கிணற்று விளிம்பு, தனித்தனி மரக்கட்டை ஆகியவற்றில் புல்டோசருக்கு நிற்கவே இடமில்லை. நின்ற இடத்தில் நின்று, கையை நீட்டி, கண்ணுக்கு நேரே நுனியை வைக்க முடிவதுதான் எக்ஸ்கவேட்டரின் பலம். இரண்டுக்கும் பிரேக்கருக்கும் நடுவே அதிர்வு ரிப்பர் ஒன்றும் வந்திருக்கிறது. பல்லுக்கு மேலே உள்ள பெட்டிக்குள் மையம் விலகிய எடைகள் சுழன்று நுனியை வேகமாக அதிரவைக்கும். ஸ்பெயினின் எக்ஸென்ட்ரிக் நிறுவனம் இந்த வகையில் பெயர் பெற்றது. வெடிப்புள்ள நடுத்தரப் பாறையில் பிரேக்கரைவிட வேகம், இரைச்சலும் குறைவு. விலையும் எடையும் அதிகம், வண்டியும் பெரிதாக வேண்டும்.

பயிர்நிலத்தின் ஆழ்மண் இறுக்கத்துக்கு ரிப்பர் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகம். ஸ்பூர், காட்வின் இருவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல வழிகாட்டி. ஒரு பல் மண்ணை மேல்நோக்கித் தூக்கி உடைப்பது ஓர் ஆழம் வரைதான். அதைத் தாண்டினால் மண் மேலே வர வழியின்றிப் பக்கவாட்டில் நசுங்குகிறது, இருந்த இறுக்கம் இன்னும் கூடுகிறது. மெல்லிய பல்லுக்கு அந்த எல்லை சீக்கிரம் வரும். ஈரம் அதிகமாக இருந்தாலும் சீக்கிரம் வரும். ஆகவே ஈரக் களியில் ரிப்பரை ஆழமாக விடுவது வெண்ணெயில் கத்தி விடுவதற்குச் சமம், உடையாது, வழவழப்பான கீறல்தான் மிஞ்சும். கோடையில், மண் காய்ந்து கிடக்கும்போது செய்ய வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது உளிக்கலப்பை. அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையில் உழுது, பிறகு குறுக்கே உழுவது. ஒரு வயல் முழுவதற்கும் அதுவே சிக்கனம். மா, நெல்லி, புளி என்று மரக்கன்று வைக்கும் தரிசில், அடியில் சுக்கான் பாளம் இருந்தால், கன்று வைக்கும் வரிசையில் மட்டும் எக்ஸ்கவேட்டர் ரிப்பரால் பாளத்தை உடைத்துவிடுவது பயன் தரும். உடைக்காமல் குழி மட்டும் எடுத்தால், அது தொட்டியைப் போலத் தண்ணீர் தேக்கி வேரை அழுகவைக்கும்.

இனி, கெடுவது எப்படி என்று. ரிப்பர் முன்னும் பின்னும் இழுக்கச் செய்தது. தரைக்குள் நுனி இருக்கும்போது வண்டியின் உடலைத் திருப்பி, ஸ்விங் பலத்தால் கட்டையைப் பக்கவாட்டில் தள்ளுவது ஓட்டுநர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் பழக்கம். ஆர்மும் பூமும் முறுக்கு தாங்கச் செய்தவை அல்ல. பின்னும் புஷ்ஷும் ஓவலாகும், பூமின் வெல்டில் மயிர்க்கோடு விழும், ஸ்விங் கியர் அடிவாங்கும். சிலிண்டரை முழு நீளத்துக்கு நீட்டிவிட்டு, அந்தக் கடைசி முனையில் நெம்புவதும் அதே அளவு கெடுதல். உள்ளூர்ப் பட்டறையில் சாதாரணத் தகட்டில் வெட்டித் தரும் ரிப்பர் மலிவு, ஆனால் பாறையில் வளைந்துகொடுக்கும். தேய்மானத்துக்கென்றே கடினமாக்கிய எஃகுத் தகட்டில்தான் தண்டு இருக்க வேண்டும். நுனிப் பல்லை அடுத்த உறை தெரியும் வரை தேயவிடக்கூடாது. குவார்ட்ஸ் கலந்த தரையில் பல் தீர்வது வியப்பூட்டும் வேகத்தில் நடக்கும். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்கல்லைப் பெரும் சக்கர எந்திரங்களாலேயே நேரடியாகத் தின்ன முடியாமல், முன்கூட்டி வெடி வைத்துத் தளர்த்துகிறார்கள். பக்கெட்டையும் ரிப்பரையும் மாற்றி மாற்றிப் பூட்டக் குவிக் கப்ளர் வசதிதான். ஆனால் அது நுனியைப் பின்னிலிருந்து தள்ளிவைப்பதால் விசையில் ஒரு பங்கு குறையும், பூட்டு சரியாக விழாவிட்டால் ரிப்பர் கழன்று ஆள்மேல் விழும். பூட்டியதும் தரையில் அழுத்திச் சோதிக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது. முறுக்கேறிய வேர் அறும்போது சவுக்குப் போல வீசும், விறகு பொறுக்க வருகிறவர்களைக் கை எட்டும் வட்டத்துக்கு வெளியே நிறுத்துவது ஓட்டுநரின் கடமை. டயர் வண்டியைக் கருவேலங்காட்டில் இறக்குவது முள்ளுக்கு டயரைக் காவு கொடுப்பது. செயின் வண்டிதான் சரி. 20 டன் எடை இருந்தாலும் அகன்ற செயினில் அது தரையை அழுத்துவது சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவு.

கண்மாய்க் கரையில் நிற்கும் கட்டைகளை மட்டும் தனியாக யோசிக்க வேண்டும். உட்பகுதியில் செய்த அதே வேகத்தில் கரையில் ரிப்பரை விட்டால், வேர் வெளியே வந்த வழியெல்லாம் பொந்து. தண்ணீர் ஏறியதும் அந்தப் பொந்து வழியே கசிவு தொடங்கிக் கரை உடையும். வேரை விட்டுவைத்தாலும் அது மக்கி அதே பொந்தாகும் என்பதால், எடுக்கத்தான் வேண்டும், ஆனால் வறண்ட காலத்தில், ஒவ்வொன்றாக. எடுத்த குழியைக் கரை மண்ணாலேயே, ஒரு சாண் கனத்துக்கு மேற்படாத அடுக்குகளாக, ஈரம் பார்த்துக் கெட்டித்து நிரப்ப வேண்டும். அந்தச் செலவுக்குப் பணம் ஒதுக்காத ஊராட்சி, கரையைத் தொடாமல் இருப்பதே மேல்.

வேலையை மணிக்கணக்கில் விடுவதா, ஏக்கர் கணக்கில் விடுவதா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. மணிக்கணக்கில் விட்டால் வண்டி மெதுவாக ஓடும். ஏக்கருக்கு என்று விட்டால் கட்டையின் தலையை மட்டும் கிள்ளிவிட்டு மண் மூடிவிடுவார்கள், வண்டி போன பிறகுதான் தெரியும். நான் பரிந்துரைப்பது, தரைக்கு மேலே வேர்க்கழுத்தோடு எடுத்துக் காட்டிய கட்டைக்குக் கூலி என்பது. எடுத்த கட்டைகளை அன்று மாலையே குவித்து எண்ணிவிடலாம், கழுத்துக்குக் கீழே ஒரு சாண் வேராவது ஒட்டியிருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம், அளவுகோல்கூடத் தேவையில்லை.

கட்டை போன நிலத்தில் விதை கிடக்கிறது. ஆடும் மாடும் காயைத் தின்று போட்ட சாணத்தில் வந்த விதை, தடித்த தோலோடு பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு இருக்கும். ரிப்பர் கிளறிய மண்ணில் முதல் மழைக்கே அது கொத்துக் கொத்தாக முளைக்கும். அந்த நாற்றுக்கு ஆணிவேர் இறங்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, முழங்கால் உயரத்துக்கு வருவதற்குள் கையாலேயே பிடுங்கிவிட வேண்டும். ஊரக வேலைத் திட்டத்து ஆட்களை அதற்கென்று அடுத்தடுத்து மூன்று மழைக்காலத்துக்காவது கண்மாய்க்குள் இறக்கினால், அங்கே மறுபடி எந்திரம் வர வேண்டியிருக்காது.